ஞானம்மா ரீச்சர் வைத்த கணக்குச் சோதனை

வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது பியோன் வாசலில் வந்து நின்றார். "லீவில நிண்ட ஞானம்மா ரீச்சர் விடியக்காலமை தவறிட்டாவாம்" என்றார். மீதிப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

துறைமுகத்துக்கு அருகிலிருக்கும் எங்கள் பாடசாலைக்குப் பல ஊர்ப் பிள்ளைகளும் வருவார்கள். வயதைப் பார்த்து வகுப்பில் இருத்துவது ரீச்சருக்கு அறவே பிடிக்காது. "கழித்தல் தெரியாத பிள்ளைக்குப் பின்னம் எங்கை விளங்கும்?" என்று அதிபரோடு மல்லுக்கட்டி, கணக்குச் சோதனை வைத்தே வகுப்பில் சேர்த்தார். நானும் அவருக்குத் துணை. சலிப்பான வேலைதான்.

கடதாசிக்குத் தட்டுப்பாடான காலம் அது. ஈச்சிலம்பற்றிலிருந்து ஒருவர் ஐந்தாம் வகுப்புக்கென்று மகளைக் கூட்டி வந்தார். பத்திரப்படுத்தி வைத்திருந்த வெள்ளைத் தாளில் ரீச்சர் கணக்குகளை எழுதிக் கொடுத்தார். பிள்ளை பென்சிலைப் பிடித்தபடியே இருந்தது. ஒரு விடையும் எழுதவில்லை. மூன்றாம் வகுப்பு என்று முடிவாயிற்று.

"இவ்வளவு வளந்த பிள்ளையைச் சின்னனுகளோடை இருத்தவோ? வேண்டாம், வீட்டை நிக்கட்டும்." தகப்பன் அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரீச்சருக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு, மூதூருக்கு லோஞ்சுப் படகில் போய், அங்கிருந்து பஸ் பிடித்து அந்த வீட்டைத் தேடினார். பிள்ளை தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, முற்றத்து மணலில் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. விடை சரி.

"அண்டைக்கு ஏன் பிள்ளை எழுதேல்லை?"

"நல்ல தாள் ரீச்சர். நான் சிலேற்றிலதான் எழுதுறனான். பிழைச்சால் தாள் பழுதாப் போகுமெண்டு பயந்திட்டன்."

ரீச்சர் தகப்பனிடம் திரும்பினார். "பிழை என்னிலை. பிள்ளையைப் பள்ளிக்கு விடுங்கோ, ஐஞ்சாம் வகுப்பிலையே இருத்திறன்."

"ஏலாது ரீச்சர். ஒருக்கா ஊர் சிரிச்சது போதும்."

அந்தப் பிள்ளை வரவேயில்லை. ரீச்சர் அதன்பின் யாருக்கும் தாள் கொடுக்கவில்லை. மேசையில் ஒரு சிலேற்று வைத்தார். முதலில் தானே ஒரு கணக்கைப் பிழையாகச் செய்து, பிள்ளை பார்க்க அழிப்பார். "பாத்தியே, ஒண்டும் பழுதாகேல்லை" என்பார். பிறகுதான் சிலேற்றைப் பிள்ளையின் கையில் கொடுப்பார்.

நேற்று உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்தோம், ரீச்சர். நாளைக்குப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். சோதனை இனி என் தலையில். எனக்கும் உடம்பு ஏலாது, பொறுமையும் குறைந்துவிட்டது. ஆனாலும் சிலேற்றைக் கழுவி வைத்திருக்கிறேன். முதல் கணக்கை நான் பிழையாகவே செய்வேன். நீங்கள் ஆறுதலாகப் போய் வாருங்கள்.