இரண்டு செமிடோன்

திருட்டுத்தனமாக நான் செய்த காரியம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அதையும் கோயிலுக்குள் செய்தேன். சாந்தோம் பக்கம் என் மனைவியின் பங்குக் கோயிலில், ஈஸ்டர் காலைத் திருப்பலிக்கு முன்னால் பாடகர் மாடத்தில் ஏறி, கீபோர்டில் ஒரு பொத்தானை இரண்டு தடவை அமுக்கிவிட்டு இறங்கி வந்தேன்.

அவளுக்கு அதற்கு ஏழு மாதம் முன்பு தைராய்டு ஆபரேஷன். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. குரல்வளைக்குப் போகும் நரம்பு அசந்திருக்கிறது, தானாக வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் கோயிலில் இருபது வருஷமாக சோப்ரானோ பாடியவள் அவள். பாடகர் குழுவில் நான்கு குரல்: ஆண்களில் கீழே பேஸ், மேலே டெனர், பெண்களில் கீழே ஆல்டோ, எல்லாருக்கும் மேலே சோப்ரானோ. பள்ளியில் அவள் வேலையும் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுப்பதுதான். அது இல்லையென்றால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மாதம் பேசக் கூடாது என்று உத்தரவு. அவள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு நோட்டை நீட்டி, “உன் சங்கீதத்தை எனக்கு எழுதிக் கொடு” என்றேன். திருநெல்வேலியிலிருந்து வந்து பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம் நாங்கள். அதுவரை அவள் பாட்டு எனக்கு ‘நல்லா இருக்கு’, அவ்வளவுதான்.

எழுதினாள். ஐந்து கோடு போட்டு, எந்தக் கோட்டில் எந்தச் சுரம் உட்காரும் என்று காட்டினாள். பியானோ என்றால் சன்னமாக, ஃபோர்ட்டே என்றால் பலமாக, எல்லாம் இத்தாலியச் சொற்கள். பக்கத்திலேயே ‘இப்போ எனக்கு ரெண்டும் இல்ல’ என்று எழுதி அடித்திருந்தாள். ஆதியில் மடங்களில் துறவிகள் துணைக்குரலே இல்லாமல் ஒற்றை வரியில் பாடினார்களாம். பிறகு இன்னொரு வரி சேர்ந்தது, அதன் மேல் இன்னொன்று. பரோக் காலத்தில் ஜரிகை வேலை மாதிரி பின்னித் தள்ளினார்கள். கிளாசிகல் காலத்தில் அதை ஒழுங்காக மடித்து அடுக்கினார்கள். ரொமாண்டிக் காலத்தில் மறுபடி பிரித்துப் போட்டு அழுதார்கள். கடைக்காரனுக்கு விளங்கட்டும் என்று அவளே இப்படி எழுதினாள்.

ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு பங்கும் ஒரு செமிடோன் என்றும் அந்த நோட்டில்தான் படித்தேன்.

பேச்சு ஒருவழியாகக் கரகரப்போடு திரும்பியது. ஈஸ்டரின் முதல் பாட்டைத் தனியாகப் பாட முடியுமா என்று குழுத் தலைவர் கேட்டபோது தலையாட்டிவிட்டாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிப் பார்ப்பாள். எனக்குக் கேட்காதாம்! உச்சிச் சுரத்துக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் பாட்டு நிற்கும், தண்ணீர் மட்டும் கொட்டும். வெளியே நின்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

மயிலாப்பூர் சபாக்களில் பாடகருக்குச் சளி பிடித்தால் அரைக்கட்டை சுருதியை இறக்கிப் பாடுவார், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் போனேன். கீபோர்டுக்காரர் டீ குடிக்க இறங்கியிருந்தார். சுருதி மாற்றும் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் ஒரு செமிடோன் இறங்கும், இரண்டு இறக்கினால் அவளுக்கு எட்டிவிடும் என்று நானாகக் கணக்குப் போட்டேன்.

வயலின்காரர்கள் இரண்டு பேரை மறந்துபோனேன். அவர்கள் தாளில் அச்சடித்ததை அப்படியே வாசித்தார்கள். கீபோர்டு வேறெங்கோ போனது. காது கூசியது. மாடத்திலிருந்து கீபோர்டுக்காரர் குரல் கோயில் முழுக்கக் கேட்டது: “இன்னாபா இது, யாரோ கை வச்சுக்கீறாங்க!” மாடம் பின்னால் இருந்தது, திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

சரிசெய்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள், பழைய உயரத்திலேயே. கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஏறியது, ஏறியது, உச்சிச் சுரம் பிசிறில்லாமல் வந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டிக்கொடுக்கும் அளவுக்கு அழுதேன்.

அடையாறில் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். பட்டினப்பாக்கம் மீன் கடைகள் வந்தபோது அதற்குமேல் அடக்க முடியவில்லை. “வந்துடுச்சு பாத்தியா! நான்தான் சொன்னேன்ல!” என்றேன்.

“அது நான் இல்லங்க” என்றாள்.

குழுவில் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் அந்தப் பாட்டைப் போன வாரமே கொடுத்துவிட்டாளாம். என்னிடம் சொல்ல மனசு வரவில்லையாம். “உங்களுக்குத் தெரியலையா?” என்று கேட்டாள். கோபமே இல்லை அவள் குரலில். எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தவள் குரலை நான் அடையாளம் காணவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், “எத்தனை தடவை அமுக்கினீங்க?” என்றாள்.

“ரெண்டு.”

“பத்தாதுங்க. ஏழு அமுக்கணும்.”

பன்னிரண்டில் ஏழு போனால் எவ்வளவு போயிருக்கிறது என்று எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாளே.