பேராச்சி எடுத்துக்கொடுத்த தவளைகள்

ஆண் தவளை எது, பெண் தவளை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள் பேராச்சி. புருஷன் செத்த பிறகு, பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்தே போய், ஒரு டாக்டரின் பரிசோதனைக் கூடத்தில் பத்து வருஷமாகச் சொறித்தவளைகளைப் பார்த்துக்கொண்டவள். 1963-ல் ஒருத்தி கர்ப்பமா இல்லையா என்று சொல்ல டாக்டருக்குத் தவளைதான் வேண்டும். அவளுடைய மூத்திரத்தை ஆண் தவளைக்கு ஊசியில் ஏற்றுவார். இரண்டு மூன்று மணி நேரத்தில் தவளையின் நீரில் விந்தணு தெரிந்தால் கர்ப்பம். பெண் தவளையில் ஒன்றும் தெரியாது. அதனால் ஆணாகப் பார்த்து எடுத்துக்கொடுப்பது பேராச்சியின் வேலை.

ஆணுக்குக் கட்டைவிரல் சொரசொரக்கும். கக்கத்தில் பிடித்து அமுக்கினால் விடு விடு என்று கத்தும், பெண் கத்தாது. மழைக்காலக் குளத்தில் பெண்ணை வழுக்கவிடாமல் பிடித்தவனுக்குத்தான் வாரிசு, அப்படியே தலைமுறை தலைமுறையாக அந்த விரல் தேறி வந்திருக்கிறது என்று டாக்டர் ஒருநாள் விளக்கினார். பிடிக்கிறவனுக்கு இத்தனை வசதி, பிடிபடுகிறவளுக்கு ஒன்றும் கிடையாதாக்கும் என்று பேராச்சிக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு காலையில் தனசீலன் பாட்டிலோடு வந்து நின்றான். அவள் தெருக்காரன், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், பெரிய முரடன். பாட்டிலில் அவனுடைய கல்யாணமாகாத தங்கை சகாயராணியின் பெயர்.

"ஆமான்னு மட்டும் வரட்டும்க்கா. சயான் தண்டவாளத்துல அவளத் தள்ளிட்டுத்தான் மறுவேல" என்றான்.

செய்தாலும் செய்வான் பாவி. பத்தொன்பது வயசுப் பிள்ளை இவன் கையால் சாகவா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. பத்து வருஷத்தில் செய்யாத காரியத்தை அன்றைக்குச் செய்தாள். இரண்டு பெண் தவளைகளை எடுத்து நீட்டினாள். டாக்டர் பார்த்தது கண்ணாடியில் வைத்த துளியை மட்டும்தான். கர்ப்பம் இல்லை என்று சீட்டு எழுதினார். பிள்ளை பிழைத்தது என்று பேராச்சி அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

மூன்று மாதம் கழித்துச் சகாயராணியே கூடத்துக்கு வந்தாள். தலைப்பை எப்படி இழுத்துவிட்டாலும் வயிறு மறையவில்லை. காரணமானவன் அய்யாத்துரை என்றாள். டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் தாலி கட்டுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தானாம். அதற்குத்தான் அண்ணன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தது. சீட்டில் இல்லை என்று இருந்ததும், ஏமாற்றப் பார்க்கிறாள் என்று அய்யாத்துரை சொல்லிவிட்டு ஊருக்குப் போய் மாமன் மகளைக் கட்டிக்கொண்டான். தண்டவாளம் என்றதெல்லாம் வாய்ச்சவடால்; அண்ணன் அவளை எங்கேயும் தள்ளவில்லை. பேச்சைத்தான் நிறுத்திவிட்டான்.

"எல்லாருக்கும் சரியாச் சொல்லுத தவள எனக்கு மட்டும் ஏன்க்கா பொய் சொல்லிச்சி?"

மூத்திரம் கெட்டிருக்கும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பேராச்சிக்கு நாக்கு வரவில்லை.

"தவள மேல குத்தமில்ல ராணி. பொட்டையாப் பாத்து நாந்தான் எடுத்துக் குடுத்தேன். ஒங்கண்ணன் கொன்னுருவான்னு பயந்துட்டேன்."

சகாயராணி அழவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கேட்டிருக்கலாம்தான். தனசீலனுக்கும் தோன்றவில்லை, டாக்டருக்கும் தோன்றவில்லை. பேராச்சி பொம்பளை; அவளுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.