பத்தொன்பதில் வாங்கிய கோப்பை

வாரா வாரம் தோற்பதற்காகவே விமானம் ஏறிப் போகிற உத்தியோகம் கால்ஃப். நூற்றைம்பது பேர் ஆடினால் ஒருவன் ஜெயிப்பான். மற்றவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள். துபாயில் ஒரு தடவை நான் அந்த ஒருவனாக இருந்தேன். அப்போது வயது பத்தொன்பது. இப்போது முப்பத்து நான்கு. நடுவில் இன்னொரு கோப்பை இல்லை. பத்தாம் வகுப்பில் பள்ளி முதலாக வந்து, அதற்குப் பிறகு எதிலுமே முதலாக வராதவர்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

பாய்த் துண்டு

அப்பாவுக்குக் கத்தாரில் எண்ணெய் கம்பெனி வேலை. அங்கே நான் கற்றது மணல் மைதானத்தில். புல்லே கிடையாது. ஆளுக்கொரு பச்சைப் பாய்த் துண்டை எடுத்துப் போவோம். பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து, பந்தை மேலே வைத்து அடிப்போம்.

துபாயில் முதல் புல்தரைப் போட்டி. பந்து அருமையான இடத்தில் கிடந்தது. நான் பழக்கதோஷத்தில் குனிந்து அதைக் கையில் எடுத்துவிட்டு, இடுப்பில் பாயைத் தேடினேன். பார்த்துக்கொண்டிருந்த கொச்சிக்கார நடுவர் சிரிக்கவே இல்லை.

"மோனே, இங்க தரை பூரா பாய்தானே? எடுத்த இடத்துல திரும்ப வை. ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி."

போட்டோ

போட்டி இல்லாத நாட்களில், துபாயில் நான் ஜெயித்த மைதானத்திலேயே பாடம் எடுக்கிறேன். வரவேற்பறைச் சுவரில் நான் கோப்பையோடு நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. அதில் தலை நிறைய முடி. போன மாதம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், ஐ.டி. மேனேஜர், முதல் வகுப்புக்கு வந்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"பையனும் ஆடறானுங்களா சார்? அப்படியே உங்க ஜாடைங்க."

இரண்டு வழி

இந்த வருடம் தரவரிசையில் பின்னால் போய்விட்டேன். கடைசிப் போட்டியில் முதல் இருபதுக்குள் வந்தால்தான் அடுத்த வருடமும் ஆட அட்டை கிடைக்கும். இல்லையென்றால் பொடியன்களோடு தகுதிச் சுற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து மைதான மேலாளர், முழுநேரப் பயிற்சியாளராகச் சேரச் சொன்னார். சேர்ந்தால் போட்டிகளுக்கு முழுக்கு. நான் பயந்துபோயிருந்தேன். வீட்டுக்காரியாவது ஒரு முடிவு சொல்வாள் என்று கேட்டேன். காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"விட்டுடுங்கன்னு என் வாயால வராது. சொன்னா வயசான காலத்துல எல்லாத்தையும் என் தலையிலதான் போடுவீங்க."

கடைசிக் குழி

கடைசிப் போட்டி நான் ஜெயித்த அதே மைதானத்தில். கடைசிக் குழிக்கு நாலடி தூரம். உள்ளே தட்டினால் இருபதாவது இடம். பந்து விளிம்பைத் தொட்டு வெளியே நின்றது. காருக்குள் உட்கார்ந்து அழுதேன், அதிலென்ன வெட்கம்.

மறுநாள் காலை பயிற்சியாளர் வேலைக்குக் கையெழுத்துப் போடப் போனேன். அந்தக் கடைசிக் குழிப் பக்கம் முருகேசன் புல் வெட்டிக்கொண்டிருந்தார். முதுகுளத்தூர்க்காரர், என் வயதுதான். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பதினாறு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் வருகிறார். எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். மெஷினை நிறுத்தினார்.

"சார், நீங்க ஜெயிச்ச அன்னைக்கும் இந்தப் புல்லை வெட்டுனது நான்தான், நேத்து வெட்டுனதும் நான்தான். ரெண்டு நாளும் எனக்கு எவனும் கை தட்டல. நாளைக்கும் விடிகாலை நாலு மணிக்கு பஸ் வரும், ஏறித்தான் ஆகணும்."

அவருக்குப் புல் வெட்டுவது டூட்டி, எனக்கு ஆடுவது. மேலாளர் அறைக்குப் போகாமல் தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். சின்ன வயதில் ஜெயித்தவனுக்கு உலகம் கொடுக்கிற ஒரே தண்டனை, மிச்ச நாளெல்லாம் ஊரில் எல்லோரையும் போல டூட்டிக்குப் போகச் சொல்வதுதான்.