பொருட்காட்சி வாசலில் இரண்டு வரிசைகள்

மாலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு என் மகளின் கையை விட்டேன். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் முதல் காட்சி ஐந்தரைக்கு. அதற்குள் உள்ளே போய்விட முடியுமா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விட்டேன். அப்போது எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

தங்கச் சுரங்க ஊரான எங்கள் ராபர்ட்சன்பேட்டையின் மைதானத்தில் வருஷா வருஷம் பொருட்காட்சி போடுவார்கள். இது நடந்ததற்கு முந்தின வருஷம் ராட்டினத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோஷ்டிகள் மோதிக்கொண்டு, ஒருவன் கத்தியை எடுத்துவிட்டான். யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் நான் மகளோடு பத்தடி தள்ளி, பஞ்சு மிட்டாய் வாங்க நின்றிருந்தேன். கத்தியைக் கண்ணால் பார்த்தேன். பல நாள் தூக்கம் வரவில்லை. இனிமேல் வாசலிலேயே எல்லாரையும் சோதித்துத்தான் உள்ளே விட வேண்டும் என்று பெற்றோர்கள் சிலர் சேர்ந்து பொருட்காட்சிக் கமிட்டிக்கு மனுக் கொடுத்தோம். சேர்ந்து என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். மனுவை எழுதியவன் நான். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

கமிட்டி ஒப்புக்கொண்டது. எங்கள் ஊரில் சோதனை போட ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. சுரங்கத்தின் மைன் கேட்டில் காவல் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், தொழிலாளர் குடியிருப்பில் லைனுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவன் தங்கத் துணுக்கு எதையாவது ஒளித்துக்கொண்டு போகிறானா என்று காலமெல்லாம் தடவிப் பார்த்த கைகள். அவர்களில் சிலரைப் பிடித்து வாசலில் நிறுத்தினார்கள். பெண்களைச் சோதிக்க, தனியாக ஒரு கித்தான் மறைப்பு கட்டி, பிரசவ வார்டில் ஆயாவாக இருந்த ஓர் அம்மாவை உட்கார வைத்தார்கள்.

பாறையை அரைத்துத் தங்கம் பிரிக்கிற மில்லில் எனக்கு ஸ்டோர் குமாஸ்தா வேலை. பதினெட்டு வருஷமாக வேலை விட்டு வரும்போதெல்லாம் கேட்டில் கையைத் தூக்கி, வாயைத் திறந்து, நாக்கை உயர்த்திக் காட்டியவன், அதை வீட்டில் மகளுக்கு விளையாட்டாக நடித்தும் காட்டியவன். அதனால் அந்தக் காவலர்களை வாசலில் பார்த்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. மனைவி கைக்குழந்தையின் காய்ச்சலோடு, ஊரிகத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் இருந்தாள். "கூட்டமா இருக்கும், பாத்து" என்று அவள் சொன்னபோது, "இந்தத் தடவை ஒரு ஊசி உள்ளே போகாது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வாசலில் காவலர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார். இன்னா, பொண்ணை இந்த வரிசையில இட்டாந்துட்டீங்க? பொம்பளைங்க அந்தப் பக்கம்" என்றார். மகளுக்கு எட்டு வயது. அவளை நானே சோதனைக்குக் காட்டுகிறேன் என்றேன். ரூல் ரூல்தான் என்றார். நான் எழுதிய மனுவிலேயே பெண்களுக்குத் தனி வரிசை என்று ஒரு வரி இருந்தது.

கையை விட்டு, அவளிடம் சொன்னேன்: "சோதிச்சு முடிச்சதும் கேட்டுகிட்ட நிக்காத. திரும்பிப் பாக்காம நேரா போயிட்டே இரு."

யோசித்துச் சொல்லவில்லை. மில்லில் அது எங்கள் வழக்கம். சோதனை முடிந்தவன் கேட்டருகே நிற்கக் கூடாது. பின்னால் வருகிறவனோடு பேசக் கூடாது. நின்றால், அவன் எதையோ இவன் கைக்கு மாற்றப்போகிறான் என்று சந்தேகம் வரும், இருவரையும் மறுபடி உள்ளே கூப்பிடுவார்கள். வெளியே வந்ததும் நடையைக் கட்டிவிட வேண்டும். பதினெட்டு வருஷத்துப் பழக்கம் என் வாயில் தானாக வந்தது. மில்லில் கேட்டைத் தாண்டினால் வீடு. இங்கே தாண்டினால் கூட்டம். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

அவள் மறைப்புக்குள் போனாள். பெண்கள் வரிசை வேகமாக நகர்ந்தது. எங்கள் வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் ஒருவர் மூக்குப்பொடி டப்பா வைத்திருந்தார். காவலர் அதைத் திறந்து, பொடியைக் காகிதத்தில் கொட்டி, வெளிச்சத்தில் ஆட்டி, விரலால் பரத்திப் பார்த்தார். பொடிக்காரர் தும்மிக்கொண்டே, "மினுமினுக்குதா அண்ணே, பங்கு குடுங்க" என்றார். அவருக்கு முன்னால் போனவர் இளநீர் வியாபாரி. அவர் இடுப்பில் ஒரு முழ நீளத்துக்கு அரிவாள். காவலர் அதை வாங்கி மேசைமேல் வைத்தார், வேட்டி மடிப்பையும் செருப்பின் அடிப்பக்கத்தையும் ஒழுங்காகப் பார்த்தார், பிறகு அரிவாளைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பினார். மைன் கேட்டில் ஆயுதம் என்று எதுவும் கிடையாது. எல்லாம் வேலைச் சாமான். மினுங்குவது மட்டும்தான் குற்றம்.

அப்போதுதான் என் மனுவை நினைத்துப் பார்த்தேன். மனுவில் "சோதனை" என்று எழுதினேனே தவிர, எதைத் தேட வேண்டும் என்று எழுதவில்லை.

பின்னால் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. மைன் கேட் போலவே ஒரு ஆள் நுழைகிற சந்துதான் விட்டிருந்தார்கள். ஷிப்ட் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். பொருட்காட்சிக்கு வருகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். உள்ளே மோட்டார் சைக்கிள் உறுமியதும் பின்னாலிருந்து ஒரே தள்ளு. மூங்கில் தடுப்பு முறிந்தது. ஒரு பெரியவர் கம்பத்தோடு நசுங்கி மூச்சுக்குத் திணறினார். என் ஒரு செருப்பு போயிற்று. காவலர்கள் பயந்துபோய்க் கேட்டைச் சாத்தினார்கள். கத்தியால் வராத ஆபத்து, கத்தியைத் தடுக்கக் கட்டிய வாசலில் வந்தது. என் மகள் கேட்டுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

மறுபடி திறந்து நான் உள்ளே போனபோது ஆறு அடிக்கப் பத்து நிமிடம். கித்தான் மறைப்பின் மறுபக்க வாசலில் அவள் இல்லை. பஞ்சு மிட்டாய்க் கடையில் இல்லை. ராட்டினத்தில் இல்லை. மைக் செட்காரரிடம் ஓடினேன். அவர் என்ன நிறச் சட்டை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலையில் நானே இஸ்திரி போட்ட பாவாடை, அதன் நிறம் நினைவுக்கு வரவில்லை. இரட்டைப் பின்னல், நீல ரிப்பன் என்று மட்டும் சொன்னேன். அவர் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னார். எங்கிருந்தாலும் உடனே கேட்டுக்கு வரவும், அப்பா காத்திருக்கிறார் என்று.

கேட்டுக்கு வரவும் என்று மைக்கில் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. கேட்டருகே நிற்காதே என்று சொன்னவன் நான். அவள் சொன்ன சொல் தட்டாத பெண். நேராகப் போயிருப்பாள். மைதானத்தின் கடைசியில் கம்பிவேலி. அதில் ஆங்காங்கே ஆட்கள் நுழையும் ஓட்டைகள். வேலிக்கு அப்பால், தங்கம் பிரித்த பிறகு மில் கொட்டிய சயனைடு மண்மேடு, அதையும் தாண்டினால் மூடாத பழைய சுரங்கக் குழிகள்.

வேலியை நோக்கி ஓடினேன். பாதி தூரத்தில், அவள் கேட்டுக்கே வந்துவிட்டால் என்ன செய்வது என்று திரும்பி ஓடினேன். இப்படி இரண்டு தடவை. கடைசியில், அவளைச் சோதித்த அம்மாவையாவது கேட்போம் என்று மறைப்புக்குப் போனால், நாற்காலி காலி. பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு சோதனையில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா எங்கே என்று காவலரைக் கேட்டேன். எங்கேயோ எழுந்து போய்விட்டது, சொல்லக்கூட இல்லை, கமிட்டியிடம் புகார் செய்யப்போகிறேன் என்றார். எனக்கும் ஆத்திரமாக வந்தது. அந்த நிலையிலும், இந்தப் பொறுப்பற்ற பெண்ணைப் பற்றி எப்படிப் புகார் எழுதலாம் என்று என் மனம் வாக்கியம் கட்டியது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து நிமிடம் பிந்தினால் தெருமுனைக்குப் போய் நிற்கிறேன். இந்த வருஷமும் வாசலில் சோதனை வேண்டுமா என்று கமிட்டி என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறது. வேண்டாம் என்று எழுத இன்றைக்கும் கை வரவில்லை. கத்தியைப் பார்த்தவன் நான். ஆனால் வாசலை அகலமாக வையுங்கள், பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரிக்காதீர்கள், சோதிக்கிற ஆட்களில் பாதிப் பேரை உள்ளே சும்மா நடந்துகொண்டிருக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறேன். இப்படி எழுத எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் காலி நாற்காலிதான்.

ஆறு இருபத்தைந்துக்கு, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்தார். அவர் கையைப் பிடித்தபடி என் மகள். பாவாடை பச்சை.

மைக்கில் நீல ரிப்பன் என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டதாம். கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிய பெண் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் வந்ததாம். அவள் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போனதையும் பார்த்திருந்தாராம். எழுந்து, மறைப்பிலிருந்து அதே நேர்கோடாக நடந்திருக்கிறார். கடைசி வேலியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மண்மேட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாளாம். ஏன் இங்கே நிற்கிறாய் என்றதற்கு, அப்பா நேராகப் போகச் சொன்னார், இதற்கு மேல் நேராகப் போக வழியில்லை என்றாளாம். வேலியில் ஓட்டை இரண்டடி இடப்பக்கம் இருந்திருக்கிறது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அந்த அம்மா அதற்கெல்லாம் நிற்கவில்லை.

"இன்னா சார், படிச்சவரா இருக்கீங்க. புள்ளைய உள்ள அனுப்பினா எங்க நிக்கணும்னு சொல்லி அனுப்ப மாட்டீங்களா?" என்றார். "கைய உடாம புடிச்சுக்கங்க. நான் போறேன், அங்க என் எடத்துல ஆளே இல்ல."