அப்பா விழுங்கிய மாத்திரை

திருநீர்மலைப் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் காட்சி தருகிறவர். அம்மா மற்ற மூன்று கோலங்களுக்கும் அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உட்கார்ந்திருப்பவர் முன்னால் மட்டும் நெடுநேரம் நின்றாள். வேண்டுதல் எனக்காகத்தான். நான் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் மலைப்படி இறங்கி மறுபடியும் ஏறி வந்திருந்தேன்.

நான் ஒன்றும் போக்கிரிப் பெண் இல்லை. கணக்குப் போடத்தான் உட்காருவேன். குரோம்பேட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் தண்டவாளம். மின்சார ரயில் வரும், ஜன்னலுக்கு ஓடுவேன், திரும்பி வந்தால் கணக்கு எங்கேயோ போயிருக்கும். பெரிய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "அரைப்பரீட்சைக்குள்ள இவ அடங்கலேன்னா டி.சி.யை வாங்கிட்டுப் போயிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

பட்டணத்து டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்க ஊர்ல ரயில்வே கேட் இருக்குல்ல? கேட்கீப்பர் தூங்கிட்டா என்ன ஆகும்? அத்தனை வண்டியும் ஒண்ணா உள்ள புகுந்துடும். இவ மூளையில வண்டிக்குக் குறைச்சலே இல்ல. நிறுத்தி அனுப்பற ஆளுதான் தூங்கறான். இந்த மாத்திரை அவனை எழுப்பிவிடும்."

"எழுப்பற மாத்திரையா?" என்று அம்மா பதறினாள். "இவ தூங்கினாத்தானே டாக்டர் எனக்கு நிம்மதி!"

எனக்குச் சந்தேகமே இல்லை. என் தலைக்குள் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவருக்குத் தலையணை உண்டா என்பதுதான் என் கவலை.

மாத்திரை அட்டை ரேடியோ மேலேயே கிடந்தது. மூளைக்கு மாத்திரை என்றதும் அப்பா அதை எனக்குக் கொடுக்கவே விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிட்ட கையோடு அவரே ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"ஐயையோ, உங்களுக்கென்ன பைத்தியமா? அது குழந்தைக்குக் குடுத்தது!"

"குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா? ஆகறது முதல்ல எனக்கு ஆகட்டும்."

எங்கள் அப்பா எதையும் ஆரம்பிப்பாரே தவிர முடிக்கமாட்டார். கூடத்து மூலையில் டேப்ரிக்கார்டர் குடலை வெளியே போட்டுக்கொண்டு கிடந்தது. வாசல் கேட்டில் ஒரு கதவு நீலம், மறு கதவு துரு. அன்றைக்கு அவர் பவுடர் டப்பாவிலிருந்து திருகாணிகளைக் கொட்டி உட்கார்ந்தார். டேப்ரிக்கார்டர் பாடியது. அப்படியே வாசலுக்குப் போய் மறு கதவுக்கும் நீலம் அடித்தார். நடுவில் எதற்கும் வேலையை விடவில்லை. "இன்னா சார், வூட்ல விசேஷமா?" என்று தண்ணீர் வண்டிக்காரர் கேட்டுவிட்டுப் போனார். அம்மா மோர்த் தம்ளரோடு பயந்துபோய்ப் பின்னாலேயே நின்றாள்.

சாயங்காலம் அப்பா முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, தலை சுத்துதா?"

"இல்ல. உள்ள சத்தமே இல்ல." அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "எல்லாருக்கும் எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

அப்பாவின் கண் கலங்கியிருந்தது. பெயிண்ட் நெடி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். வகுப்பில் ரயில் வந்தது. பார்த்தேன். அது போய்விட்டது. கணக்கு அதே இடத்தில் எனக்காகக் காத்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அரைப்பரீட்சை முடிந்தது, டி.சி. பேச்சே எழவில்லை.

அந்த மாத்திரை லேசில் கிடைக்காது. அப்பா லீவு போட்டு, ரயிலேறி, கடை கடையாக அலைந்து ஒரு அட்டை வாங்கி வருவார். வீட்டில் இப்போது மிக்ஸி பிரித்துப் போட்டபடி கிடந்தது. ஒருநாள் அம்மா மெதுவாக, "நீங்களும் ஒண்ணு போட்டுக்கங்களேன்" என்றாள்.

அப்பா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேணாம்மா, ஒரே கசப்பு."

நான் தினமும் விழுங்குகிறேன், எனக்குக் கசந்ததே இல்லை. இவ்வளவு பெரிய ஆள் மாத்திரைக்குப் பயப்படுகிறாரே என்று கைகொட்டிச் சிரித்தேன். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.