தூங்கவைத்து நாய் கொடுப்பவர்

வந்தவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, சன்னல் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கிறார் நாய்க்கார அக்கா. "கொஞ்ச நேரம் கண்ண மூடுங்க சார். நாய் எங்கயும் ஓடிப்போகாது."

கைவிடப்பட்ட நாய்களை வளர்த்து, பொருத்தமான ஆளிடம் கொடுப்பது அக்காவின் வேலை; அவற்றைக் குளிப்பாட்டிச் சோறு வைப்பது என் வேலை. அதற்கு முன் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். "முழிச்சிருக்கறப்ப எல்லாரும் சிங்கந்தான் தம்பி. தூங்கறப்பதான் ஆளு யாருன்னு தெரியும்." தூக்கத்திலும் வாதாடிய வக்கீலுக்கு எதற்கும் அசையாத லாப்ரடார் போனது. அடித்துப் போட்டாற்போல் தூங்கிய தையல்காரருக்கு, பல்லி நகர்ந்தாலும் ஊரைக் கூட்டும் பொமரேனியன். எனக்கு எது வாய்க்குமோ என்ற பயத்தில் அந்த நாற்காலிப் பக்கமே நான் போவதில்லை.

இன்றைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவருக்கு முன்னால் அவர் குரல் உள்ளே வந்தது. "தனியா இருக்கேம்மா. ஆளப் பாத்தா பாயணும். அந்த மாதிரி நாயா குடு."

அக்காவிடம் இருப்பதோ ஓர் அல்சேஷன். பார்வைக்குப் புலி, இடி இடித்தால் கட்டிலுக்கடியில். காவலுக்கு லாயக்கில்லை என்று இரண்டு வீடுகள் திருப்பி அனுப்பிவிட்டன. போன தடவை வந்ததும் சுவரைப் பார்த்தபடியே கிடந்தது. "இன்னொரு தடவ திரும்பி வந்தா இது சோத்தத் தொடாது தம்பி" என்று சொன்னபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அறை மெல்ல மதியத்துக்குள் அமிழ்ந்தது. திரை மூச்சுவிடுவதுபோல் உப்பித் தாழ்ந்தது. மாஸ்டர் எப்போது தூங்கினார் என்று எனக்கே தெரியவில்லை. அவருடைய வலது கை நழுவி, பக்கத்தில் யாரோ படுத்திருப்பதுபோல் காற்றைத் தடவிக்கொண்டிருந்தது. அக்கா சத்தமில்லாமல் பின்கதவைத் திறந்தார். அல்சேஷன் தயங்கித் தயங்கி வந்து, அந்தக் கைக்கடியில் தலையைக் கொடுத்து நின்றது. கை அடங்கியது.

கண்விழித்த மாஸ்டர் கையை எடுக்கவில்லை. "இது குரைக்குமா?"

சும்மா தலையாட்டியிருந்தால் போதும். அக்கா பூசி மெழுகவில்லை. "குரைக்காது சார். இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடும். ரெண்டு வீட்ல வேணாம்னுட்டாங்க."

மாஸ்டர் நாயின் முதுகை நீளவாக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்தபோதிருந்த குரலே இல்லாமல் சொன்னார்: "நம்ம வீட்டுக் கட்டில் ரொம்பத் தாழ்வும்மா. இது உள்ள போக முடியாதே."

அக்கா கொல்லைப்பக்கம் போய், நான்கு செங்கற்களை மார்போடு அணைத்துக் கொண்டுவந்து, அவர் காலடியில் வைத்தார்.