டிஸ்கஸுக்குப் பின்னால் அபௌட் வராது

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த சமயம். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். டவுன் பஸ் ஓடவில்லை. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்றிருந்த நான், அம்மாவோடு கரும்பு வெட்டப் போவதும், மற்ற நாட்களில் கள்ளக்குறிச்சியில் ஒரு டுடோரியலுக்குப் போவதுமாக இருந்தேன். அன்று வகுப்பை விட மனமில்லை. நடந்தே போனேன். போய்ச் சேர்ந்தபோது செருப்பு அறுந்து கையில் இருந்தது.

தாமதத்துக்குக் காரணத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார், டுடோரியலை நடத்திவந்த ஆங்கில சார். ‘ஐ கேம் பை வாக். ட்ரீஸ் ஆர் ஃபாலன் இன் தி ரோட்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வகுப்புக்கே உரக்கப் படித்தார்.

“இன் தி ரோடா? மரம் தாரைப் பேத்துக்கிட்டு உள்ள போயிடுச்சா? அப்புறம், பை வாக்! வாக்குன்னு ஒரு பஸ் விடறாங்களா உங்க ஊருக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன்.

“இதுங்களுக்குத்தான் ஒதுக்கீடு வேணும்னு ரோட்டை மறிக்கறானுங்க” என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. “தப்புன்னா திருத்திக் குடுங்க சார். சிரிச்சா எனக்கு எப்பிடித் தெரியும்?”

“ஆன் ஃபுட். அக்ராஸ் தி ரோட். இதெல்லாம் சொல்லிக் குடுத்து வராதும்மா. ரத்தத்துல இருக்கணும்.”

திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் அதே யோசனை. பஸ்ஸில் வந்தேன் என்கிறோம், பஸ்ஸுக்குக் காத்திருந்தேன் என்கிறோம். பஸ்ஸைக் காத்திருந்தேன் என்று எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லாது. அதற்கு யார் இலக்கணம் நடத்தினார்கள்? காதில் விழுந்து விழுந்து வந்தது. ஆங்கிலம் என் காதில் விழவில்லை, அவ்வளவுதான். ரத்தமாம், ரத்தம்!

மறியல் ஓய்ந்ததும், வகுப்பு முடிந்த பிறகு நூலகத்தில் உட்கார ஆரம்பித்தேன். ஆங்கிலப் பேப்பரில் எந்தச் சொல்லோடு எது ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்து நோட்டில் எழுதினேன். தனிச்சொல்லாக ஒன்றையும் எழுதவில்லை. வெயிட் ஃபார். அஃப்ரெய்ட் ஆஃப். மேரீட் டு. கரும்பு வெட்டும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

“இன்னாடி பினாத்திக்கினு கீற?” என்றாள் பக்கத்துச் சாலில் வெட்டிய அக்கா.

“அவளுக்கு அவனோட கல்யாணம் ஆச்சுன்றத இங்கிலீஷ்ல அவ அவனுக்குக் கல்யாணம் ஆனான்னு சொல்லணும்க்கா.”

“அவனுக்கா? எழுதிக் குடுத்துட்ட மாதிரி இல்ல கீது?” என்று அவள் சிரித்த சிரிப்பில் கரும்புக் கொல்லையே சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னை ஒன்றும் செய்யவில்லை. மேரீட் டு அதற்கப்புறம் எனக்கு மறக்கவே இல்லை.

சில மாதம் போயிருக்கும். சார் கரும்பலகையில், ‘லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் தி லெசன்’ என்று எழுதினார். எழுந்து நின்றேன்.

“சார், டிஸ்கஸுக்குப் பின்னால அபௌட் வராதுங்க.”

“நீ எனக்குச் சொல்றியா? வெளிய போ.”

“அகராதியில பாருங்க சார். இருந்தா நானே வெளிய போறேன்.”

நான் உட்காரவில்லை. அவர் மேசை மேலிருந்த அகராதியைப் புரட்டினார், மூடினார். “இன்னைக்கு இது போதும்” என்று சாக்பீஸைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து எழுதிய தேர்வில் ஆங்கிலத்திலும் தேறினேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் டுடோரியல் ஒட்டிய போஸ்டரில் என் பெயர்தான் முதலில் இருந்தது. நேராக ஆங்கில சாரிடம் போனேன்.

“என் பேரை எடுத்துடுங்க சார்.”

“ஏன்? இங்க படிச்சவதானே நீ?”

“இங்க உக்காந்திருந்தேன். படிச்சது வேற எடத்துல.”

அடுத்து ஒட்டிய போஸ்டரில் என் பெயர் இல்லை. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. படிக்கத் தெரியாவிட்டாலும், சந்தைக்குப் போகிற பெண்களை நிறுத்தி அந்தச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தவள் அவள். “அச்சுல ஏறின பேர எவளாச்சும் எடுக்கச் சொல்லுவாளா?” என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்தேன்.